பாஸ்வேர்டைக் கொடுத்தவர் வென்ற வழக்கு

2007 செப்டம்பர். அபுதாபியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மின்னஞ்சல் வருகிறது. அவருடைய கணக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் இருக்கிறது. மின்னஞ்சலின் அனுப்புநர் முகவரி அதே வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினுடையதாகத் தெரிகிறது. நெட் பேங்கிங் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கிறது. கொடுக்கிறார். சில நாட்களில் அவருக்குத் தெரியாமலே கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் நகர்ந்துவிடுகிறது. பணம் போய்ச் சேர்ந்தது அதே வங்கியில் இருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு. மும்பைக் கிளை ஒன்றில், கணக்கு வைத்திருப்பவர் தன் பெயருக்கே எழுதும் செல்ஃப் செக் போட்டு அதில் 4.6 லட்சத்தை ரொக்கமாக எடுத்துவிட்டார்கள்.

2008 ஜூனில் அவர் சென்னையில் மனுப் போட்டார். 2010 ஏப்ரல் 12 அன்று உத்தரவு வந்தது. வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாயை 60 நாட்களுக்குள் தர வேண்டும். இழந்த பணம், அலைச்சலுக்கான பயணச் செலவு, அதனால் வந்த மற்ற நஷ்டம் எல்லாம் சேர்த்த தொகை அது.

"பத்து வருஷமாக சாஃப்ட்வேரில் இருக்கிறேன், இனி சட்டம் படித்தால் இந்த அனுபவம் எதற்காவது உதவுமா?" என்று கேட்பவர்களுக்கும், "பி.காம். முடித்து வங்கியில் இருக்கிறேன், சைபர் சட்டம் எனக்குப் பிடிபடுமா?" என்று கேட்பவர்களுக்கும் நான் இந்த வழக்கைத்தான் சொல்வேன். தொழில்நுட்பமும் வணிகமும் தெரிந்தவர் சட்டத்துக்குள் வந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வது சுலபம். எந்த இடத்தில், எந்தக் கேள்வியில், எந்த ஆவணத்தில் அந்த அனுபவம் வேலை செய்கிறது என்பதை ஒரு வழக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் இந்த வழக்கு ஏன் தோற்க வேண்டிய வழக்கு போலத் தெரிகிறது என்று பார்ப்போம். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று எல்லா வங்கியும் எச்சரிக்கிறது. நெட் பேங்கிங் விண்ணப்பத்தில் நாம் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளும் அதையே சொல்கின்றன. இவரோ தானாகவே கொடுத்திருக்கிறார். வங்கியின் வாதமும் அதுதான்: வாடிக்கையாளர் கவனக்குறைவாக ரகசியத் தகவலை வெளியிட்டு ஃபிஷிங் மோசடிக்கு இரையானார், அதற்கு வங்கி எப்படிப் பொறுப்பாகும்? நம்மில் பலருக்கும் இது நியாயமாகவே படும். குடும்பத்தில் ஒருவருக்கு இப்படி நடந்தால் "நீ ஏன் கொடுத்தாய்?" என்றுதான் முதலில் கேட்போம்.

வழக்கமான வழிகள் மூன்று இருந்தன. போலீஸில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து மும்பையில் பணம் எடுத்த ஆளைத் தேடச் சொல்லலாம். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். சிவில் வழக்கு போடலாம். எந்த வழியில் போனாலும் "பாஸ்வேர்டைக் கொடுத்தது நீங்கள்தானே?" என்ற அந்த ஒரு கேள்வி வாசலில் நிற்கும்.

மனுதாரர் தரப்பு நான்காவது ஒரு வழியை எடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 46ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தை மீறியதால் வந்த நஷ்டத்தை விசாரித்து இழப்பீடு வழங்க, தீர்ப்பளிக்கும் அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. 2003-இல் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் அந்த அதிகாரி. கறுப்பு அங்கி போட்ட நீதிபதி இல்லை, ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி. அப்போது தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் பி.டபிள்யூ.சி. டேவிதார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதே 46ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, தகவல் தொழில்நுட்பத் துறையில் அனுபவமும், அத்துடன் சட்டத்திலோ நீதித்துறையிலோ அனுபவமும் உள்ளவரைத்தான் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக நியமிக்கலாம் என்கிறது. இரண்டு அனுபவமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டது. இந்தத் துறையில் கலப்பு அனுபவம் ஒரு கூடுதல் தகுதியா என்று யோசிப்பவர்கள் அந்த வரியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சரி, மனுதாரருக்காக வாதாடியது யார்? ந. விஜயசங்கர். நாவி என்ற பெயரில் இணையத்தில் பல காலமாக எழுதிவருபவர். அவர் வங்கியில் பணியாற்றியவர். நீதிமன்றத்தில் ஜூனியராக நின்று தொழில் கற்றவர் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் வருவதற்கு முன்பே, 1999-இல், இந்தியாவுக்கான சைபர் சட்டம் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார்.

அவர் பெயர் அதற்கு முன்பே சென்னையில் ஒரு முக்கியமான வழக்கில் வந்திருக்கிறது. 2004-இல் எழும்பூர் நீதிமன்றத்தில், ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழு ஒன்றில் ஆபாசமாக எழுதியவர்மீது வழக்கு நடந்தது. திரையில் தெரிவதை நீதிமன்றம் எப்படிச் சாட்சியமாக எடுத்துக்கொள்வது என்பது அப்போது யாருக்கும் பழக்கமில்லாத கேள்வி. இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு 2000-இலேயே சேர்ந்திருந்தது. கணினிப் பதிவை அச்செடுத்துத் தந்தால் அது எந்தக் கணினியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சான்றிதழ் வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அந்த யாஹூ பக்கங்களை எடுத்து, 65பி சான்றிதழ் எழுதி, சாட்சிக் கூண்டில் ஏறியவர் நாவிதான். 2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பு. எஃப்.ஐ.ஆர். போட்டு ஏறக்குறைய ஏழே மாதத்தில் தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டிலேயே முதலில் கிடைத்த தண்டனை என்று இன்றும் பாடப்புத்தகங்கள் அதைத்தான் சொல்கின்றன. உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று அன்வர் வழக்கில் சொன்னது 2014-இல். எழும்பூர் அதைப் பத்து வருஷம் முன்பே செய்து முடித்திருந்தது.

இனி 2008 மனுவுக்கு வருவோம். அந்த வழக்கின் உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று மின்னஞ்சலின் உள்ளே. இன்னொன்று மும்பைக் கிளையின் கவுண்டரில்.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகும்போது இடது பக்கம் மேலே அனுப்புநர், கீழே பெறுநர் என்று எழுதினோம் இல்லையா? அனுப்புநர் இடத்தில் நான் "மாவட்ட ஆட்சியர், தூத்துக்குடி" என்று எழுதிப் பெட்டியில் போட்டாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மின்னஞ்சலும் அப்படித்தான். அதைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அனுப்புநர் முகவரி உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. அதனால் வங்கியின் பெயரில் யாரும் எழுதலாம். சாஃப்ட்வேரில் இருக்கும் எவருக்கும் இது தெரிந்த செய்திதான். ஆனால் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுவார்கள், அல்லது மின்னஞ்சலின் தலைப்பு வரிகளைப் பிரித்து ஐபி முகவரியைத் தேடிக் குற்றவாளியைத் துரத்தப் போவார்கள்.

இதற்கு மாற்று இருந்ததா என்று கேட்கும்போதுதான் விஷயம் சட்டமாக மாறுகிறது. இருந்தது. டிஜிட்டல் கையொப்பம். எழுதிய செய்தியிலிருந்து ஹாஷ் என்ற ஒரு சுருக்க எண் கணக்கிடப்படும். அதை வங்கி தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் பூட்டி அனுப்பும். பெறுபவர் பொதுச் சாவியால் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். செய்தியில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் ஒத்துப்போகாது, வேறு யாரோ அனுப்பியிருந்தாலும் ஒத்துப்போகாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மின்னணுப் பதிவை உறுதிசெய்ய ஏற்ற முறை என்று இதைத்தான் சொன்னது. இந்தியாவில் சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் 2002-இலேயே கிடைக்க ஆரம்பித்துவிட்டது. ஆக 2007-இல் தொழில்நுட்பமும் இருந்தது, சட்ட அங்கீகாரமும் இருந்தது. வங்கி பயன்படுத்தியதோ பாஸ்வேர்டை மட்டும்.

பாஸ்வேர்ட் போதாது என்று வங்கிக்கு முன்பே யாராவது சொன்னார்களா? இங்கேதான் வங்கிக்காரரின் நினைவு வேலை செய்கிறது. 2001 ஜூன் 14 அன்று ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கான வழிகாட்டுதலை எல்லா வங்கிகளுக்கும் அனுப்பியது. அதில் ஒரு பத்தி, சட்டம் அங்கீகரித்த உறுதிசெய்யும் முறை 3ஆம் பிரிவில் உள்ளதுதான், வங்கிகள் வேறு எந்த முறையைப் பயன்படுத்தினாலும் அதைச் சட்டரீதியான அபாயமாகக் கருத வேண்டும் என்கிறது. யாருக்கு அபாயம்? அந்த முறையைத் தேர்ந்தெடுத்த வங்கிக்கு.

வெளியிலிருந்து பார்க்கும் வழக்கறிஞர் சட்டப் புத்தகத்தையும் பழைய தீர்ப்புகளையும் தேடுவார். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைக் கோப்பைத் திறக்க அவருக்குத் தோன்றாமல் போகலாம். கிளையில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு, ஆய்வுக்கு வரும் அதிகாரி கையில் முதலில் இருப்பது சுற்றறிக்கைதான் என்று தெரியும். சட்டப் பிரிவைவிட அதற்குத்தான் வங்கி பயப்படும் என்பதும் தெரியும்.

வங்கித் தொழிலின் பழைய பாடம் ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. காசோலையில் கையெழுத்து போலியாக இருந்தால், எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், வாடிக்கையாளர் கணக்கில் பற்று வைக்க வங்கிக்கு உரிமை இல்லை. 1987-இல் கனரா வங்கி எதிர் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஊழியரே 42 காசோலைகளில் போலிக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்திருந்தார். நிறுவனம் பல வருஷமாகக் கணக்கைச் சரிபார்க்கவில்லை. அப்படியிருந்தும் நஷ்டம் வங்கியுடையது என்றது நீதிமன்றம். வாடிக்கையாளரின் கவனக்குறைவு வங்கிக்குத் தானாகவே கேடயம் ஆகிவிடாது. திருடன் தட்டச்சு செய்த பாஸ்வேர்டைப் போலிக் கையெழுத்தின் இடத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வியே மாறிவிடுகிறது. "நீ ஏன் கொடுத்தாய்?" என்பதற்கு முன்னால் "இவருடைய கட்டளை என்று நினைத்து எதை நம்பிப் பணத்தை அனுப்பினீர்கள்?" என்ற கேள்வி வந்து நிற்கிறது.

இரண்டாவது இடம் மும்பைக் கிளை. எனக்கு இதுதான் வழக்கின் பலமான கால் என்று தோன்றுகிறது.

பாஸ்வேர்டைத் திருடுவது மோசடிக்காரனுக்குப் பெரிய வேலையே இல்லை. பணத்தைக் கையில் எடுப்பதுதான் சிரமம். அதற்கு ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஏதோ ஒரு வங்கிக் கிளையில், ஏதோ ஓர் அதிகாரியின் கையெழுத்தோடு திறக்கப்பட்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் கணக்கு தொடங்குவதென்றால் பதிவுச் சான்று, முகவரி ஆதாரம், உரிமையாளர் யார், என்ன தொழில், மாதம் எவ்வளவு வரவு செலவு இருக்கும் என்றெல்லாம் வாங்க வேண்டும். வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யச் சொல்லும் கே.ஒய்.சி. விதிகளை ரிசர்வ் வங்கி 2004 நவம்பரில் விரிவாக்கியது. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கணக்கைத் திறந்த பிறகும், அதன் வழக்கமான போக்குக்குப் பொருந்தாத வரவு வந்தால் கவனிக்க வேண்டிய கடமை வங்கிக்கு உண்டு. தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் வெளிநாடு வாழ் இந்தியர் ஒருவரின் பணம் திடீரென்று மும்பை நிறுவனம் ஒன்றின் கணக்கில் விழுகிறது, உடனே செல்ஃப் செக்கில் ரொக்கமாக வெளியே போகிறது. கவுண்டரில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவரை உறுத்தும் காட்சி இது.

பணம் கொடுத்த முனையும் வாங்கிய முனையும் ஒரே வங்கியில் இருந்ததுதான் இந்த வழக்கின் திருப்பம். வேறு வங்கிக்குப் போயிருந்தால் இரண்டு வங்கிகளும் ஒன்றை ஒன்று காட்டியிருக்கும். இங்கே அப்படித் தப்பிக்க வழியில்லை. அந்தக் கணக்கின் விண்ணப்பம், ஆவணம், பணம் கொடுத்த பதிவு எல்லாம் எதிர்மனுதாரரின் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

இந்த இரண்டையும் சட்டத்தோடு பிணைக்க ஒரு கொக்கி வேண்டும். அது 43ஆம் பிரிவு. அனுமதியில்லாமல் கணினியில் நுழைவது, தரவை எடுப்பது போன்றவற்றை அது அடுக்குகிறது. அதில் 'ஜி' என்ற கூறு, சட்டத்துக்குப் புறம்பாக ஒருவர் கணினியில் நுழைய வழிசெய்யும் உதவியையும் மீறல் என்கிறது. 43 இழப்பீட்டுப் பிரிவு, தண்டனைப் பிரிவு அல்ல. வங்கி வேண்டுமென்றே திருடனோடு கைகோத்தது என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. அப்புறம் 85ஆம் பிரிவு. ஒரு நிறுவனம் இந்தச் சட்டத்தை மீறினால் அதன் பொறுப்பில் இருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். மீறலைத் தடுக்கத் தகுந்த எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தோம் என்று காட்டினால் தப்பலாம். காட்ட வேண்டிய பாரம் அவர்கள்மேல்.

இப்போது எல்லாம் ஒரே நூலில் கோக்கப்படுகிறது. தகுந்த முன்னெச்சரிக்கை எது என்பதற்கு அளவுகோல் ரிசர்வ் வங்கியின் 2001 சுற்றறிக்கையும் கே.ஒய்.சி. விதிகளும். அந்த அளவைத் தொடத் தொழில்நுட்பம் அன்று இருந்ததா என்பதற்குப் பதில் டிஜிட்டல் கையொப்பம். வங்கி அந்த அளவைத் தொட்டதா என்பதற்குப் பதிலை வங்கிதான் தர வேண்டும். போதுமான அளவு உறுதிசெய்யும் ஏற்பாடுகளை வங்கி வைக்கத் தவறிவிட்டது, உரிய கவனம் எடுத்ததாக நிரூபிக்கவும் இல்லை என்று அதிகாரி முடிவு செய்தார். 43ஆம் பிரிவின் கூறுகளோடு 85ஆம் பிரிவைச் சேர்த்துப் படித்து வங்கியைப் பொறுப்பாளி ஆக்கினார். பணம் போன பிறகு வாடிக்கையாளருக்கு உதவுவதில் வங்கி காட்டிய அக்கறையின்மையையும் கண்டித்தார்.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. வங்கி தன் மின்னஞ்சல்களில் டிஜிட்டல் கையொப்பம் போட்டிருந்தாலும், அபுதாபியில் அந்த வாடிக்கையாளர் அதைச் சோதித்துப் பார்த்திருப்பாரா? பிரவுசரில் மின்னஞ்சல் படிப்பவர்களுக்கு அந்தக் கையொப்பம் பெரும்பாலும் கண்ணிலேயே படாது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் டிஜிட்டல் சான்றிதழ் வாங்கித் தருவது அன்றைக்கு நடக்கிற காரியமாகவும் இல்லை. தொழில்நுட்பம் தெரிந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைப் பிடித்து நன்றாகவே வாதாடலாம். ஒரே தொழில்நுட்பத்தைச் சட்டத்தில் எழுதி வைத்ததன் சிரமத்தை அரசும் உணர்ந்தது. 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் டிஜிட்டல் கையொப்பத்தோடு மின்னணுக் கையொப்பம் என்ற விரிந்த சொல் சேர்ந்தது. அதனால்தான் மும்பைக் கவுண்டரைப் பலமான கால் என்றேன். அங்கே எந்தப் புதுத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருந்த விதியை ஒழுங்காகச் செய்தால் போதும்.

உத்தரவோடு கதை முடியவில்லை. வங்கி மேல்முறையீடு செய்தது. சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் 2011 ஜூனில் ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் அந்த நாற்காலிக்கு ஆளே நியமிக்கவில்லை. 2017-இல் அந்தத் தீர்ப்பாயத்தையே தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான டிடிசாட் தீர்ப்பாயத்தோடு இணைத்தார்கள். கடைசியில் 2019 ஜனவரியில்தான் டிடிசாட் சென்னை அதிகாரியின் முடிவை உறுதி செய்தது. பணம் போனது 2007-இல். தீர்ப்பளிக்கும் அதிகாரி முடிந்தவரை நான்கு மாதத்தில், அதிகம் போனால் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கும் ஒரு நடைமுறையில் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்தவரின் பணம் அது. அதை நினைக்கும்போது மனம் வலிக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருபவர்கள், நல்ல வாதத்தைக் கட்டுவது பாதி வேலைதான், அதைக் கேட்க ஒரு நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இதற்கிடையில் 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி இன்னொரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமில்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட பாதுகாப்புக் குறை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் அப்போதும் பொறுப்பில்லை. வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நடந்த நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் பாரம் வங்கிக்கு. அந்த அளவுகோலில் வைத்தால் பாஸ்வேர்டைக் கொடுத்த நம் மனுதாரரின் நிலை சற்றுக் கடினம்தான். ஆனால் பணத்தை வாங்கிய கணக்கு யாருடையது, எப்படித் திறக்கப்பட்டது என்ற கேள்விக்கு இன்றும் அதே கூர்மை இருக்கிறது. ஓடிபி மோசடி, டிஜிட்டல் கைது என்று பெயர் மாறி வரும் எல்லாவற்றிலும் பணம் முதலில் போய் நிற்பது வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு கணக்கில்தான்.

சரி, என்னிடம் கேள்வி கேட்டவர்களுக்கு வருகிறேன். வங்கி, சாஃப்ட்வேர், காப்பீடு, தொலைத்தொடர்பு, எங்கிருந்து வந்தாலும் உங்கள் துறையில் யாரும் வெளியில் பேசாத ஆனால் எல்லோரும் கட்டுப்படும் ஓர் ஆவணம் இருக்கும். சுற்றறிக்கையாக இருக்கலாம், தணிக்கைப் பட்டியலாக இருக்கலாம், சேவைத் தர ஒப்பந்தமாக இருக்கலாம், சர்வர் லாக் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற உள் விதியாக இருக்கலாம். சட்டக் கல்லூரியில் சேரும் முன் அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது நிறுவனத்தின் சொத்து, தொடவே கூடாது. அப்படி ஒன்று இருக்கிறது, அதை யாரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்ற அறிவு போதும். நாவியிடம் இருந்தது அந்த அறிவு. அந்தச் சுற்றறிக்கை ரகசியமும் இல்லை, யாரும் படிக்கக் கிடைப்பதுதான்.

நடைமுறைச் சிக்கல்களையும் சொல்லிவிட வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டுமானால் தபால் வழி சட்டப் படிப்பு செல்லாது. மூன்று வருஷ எல்.எல்.பி. வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்கின்றன பார் கவுன்சில் விதிகள். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்கிறது 49ஆம் விதி. தானே முன்னின்று வியாபாரம் நடத்தக் கூடாது என்கிறது 47ஆம் விதி; பணம் மட்டும் போட்டு நிர்வாகத்தில் தலையிடாத ‘தூங்கும் பங்குதாரராக’ இருக்கலாம். ஆகவே வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது வேலையை விடுவது சின்ன முடிவு இல்லை. மூன்று வருஷம் படிப்பு, அப்புறம் அகில இந்தியப் பார் தேர்வு, அதற்கப்புறம் ஒரு மூத்த வழக்கறிஞரின் அறையில் குறைந்த வருமானத்தில் சில வருஷம். நாற்பது வயதில் இதைச் செய்பவர்களை நான் மதிக்கிறேன். எல்லோராலும் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அங்கி போடாமலும் இந்தத் துறையில் வேலை இருக்கிறது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. நிறுவனங்களுக்குள் ஒப்பந்தங்களைப் பார்ப்பது, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்றபடி தரவு ஓட்டங்களைச் சரிசெய்வது, நிபுணர் சாட்சியாக நிற்பது எல்லாம் உண்டு.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. 65பி இருந்த இடத்தில் இப்போது 63ஆம் பிரிவு. சான்றிதழ் படிவத்தை அட்டவணையில் அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பகுதிகள். ‘ஏ' பகுதியை மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும். 'பி' பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் அதைக் கணக்கிட்டார்கள் என்பதையும் இரண்டு பகுதிகளிலும் எழுத வேண்டும். 2004-இல் எழும்பூரில் ஒருவர் தானே யோசித்துச் செய்த வேலை இப்போது ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும், வாட்ஸ்அப் செய்தி ஒன்று சாட்சியமாக வரும் ஒவ்வொரு வழக்கிலும் தேவைப்படுகிறது. தூத்துக்குடியில் நாளை ஒரு வழக்கறிஞர் அந்தப் படிவத்தை எடுத்து மேசையில் வைக்கும்போது, ஹாஷ் என்றால் என்னவென்று தெரிந்து, குறுக்கு விசாரணையில் எழுந்து நின்று பதில் சொல்லத் தயாராக இருக்கும் ஒருவரைத் தேடி அவர் சென்னைக்குத்தான் போன் செய்ய வேண்டியிருக்கும்.